தாளிக்காத சாம்பார்

1

அக்கா போய் ஒரு வருஷம் முடிகிறது. நாளைக்குத் தலைத்திவசம். கோவில்பட்டியில் அத்தானும் அக்கா மகள் செல்வியும் ஐயரை வைத்துச் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்துவிடுவார்கள். கடல் தாண்டிப் பினாங்கில் உட்கார்ந்திருக்கும் தங்கை என்ன செய்ய வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டு, முழுகினால் தீர்ந்தது என்கிறார்கள். தீர்ந்ததா என்று முழுகினவளை யாரும் கேட்பதில்லை. ஆகவே நானே ஒரு முடிவுக்கு வந்தேன். நாளைக்குச் சாம்பார் வைக்கப் போகிறேன்.

இதைப் போய் ஒரு சேதி என்று எழுத வந்துவிட்டாளே என்று நினைப்பீர்கள். ஊரில் சாம்பார் வைக்காத வீடு ஏது. ஆனால் ஜெலுத்தோங்கில், ஒன்பதாம் மாடியில் இருக்கும் இந்த வீட்டில் ஒரு வருஷமாகச் சாம்பார் கிடையாது. ரசம் உண்டு, புளிக்குழம்பு உண்டு, கூட்டு உண்டு, மீன் உண்டு. துவரம்பருப்பு டப்பாவை அலமாரியின் பின்பக்கம் தள்ளி வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குக் காரணம் தெரியும். மகன் தினேஷும் கேட்கவில்லை. அவன் கவனிக்கவே இல்லை.

காலையில் பாசாருக்குப் போனேன். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே குப்பை கொட்டியாயிற்று, சந்தை என்று சொல்ல இப்போது வாய் வருவதில்லை. வழக்கமாகக் காய் வாங்கும் சீன அம்மாவிடம் முருங்கைக்காய், கத்தரிக்காய், வெள்ளைப் பூசணி, சின்ன வெங்காயம் என்று எடுத்து வைத்தேன். ஒரு வருஷமாகக் கீரையும் பயறும் மட்டும் வாங்கிப் போகிறவள் இப்படி அள்ளுகிறாளே என்று அவளுக்கு ஆச்சரியம்.

"வா, பன்யாக். ரூமா அடா கென்டுரி கா?" என்றாள். நிறைய வாங்குகிறாயே, வீட்டில் விருந்தா என்று அர்த்தம். நம் பக்கத்துக் கந்தூரிதான் இங்கே கென்டுரி.

என் மலாய் விலை பேசுகிற மலாய், பஸ் வழி கேட்கிற மலாய். அக்கா இறந்து வருஷம் ஆகிறது என்று சொல்ல அதில் இடமில்லை. "அடா" என்றேன். ஆமாம், விருந்துதான். அவள் சிரித்துக்கொண்டே ஒரு பெரிய கொத்துக் கறிவேப்பிலையைக் காசு வாங்காமல் பைக்குள் போட்டாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

2

அக்கா பெயர் பொற்கொடி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். என்னைப் பினாங்கு மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று தூரத்துச் சொந்தம் ஒன்று வந்து கேட்டபோது, வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். கல்யாணம் முடிந்ததும், இனி வேண்டாம் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்காக மிளகாய்ப்பொடியும் சாம்பார்ப்பொடியும் அரைத்துக் கட்டிக்கொடுத்த ஆளும் அவள்தான்.

முதலில் ஃபோன் கார்டைச் சுரண்டிப் பேசிய காலம். பிறகு கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிற காலம் வந்தது. அது வந்ததும் ஞாயிற்றுக்கிழமை சாம்பாரை இருவரும் சேர்ந்தே வைக்க ஆரம்பித்தோம். அங்கே காலை பத்து மணி, இங்கே பன்னிரண்டரை. அவள் ஃபோனைப் புளி ஜாடிமேல் சாய்த்து வைப்பாள். நான் மைலோ டின்னில் சாய்த்து வைப்பேன். இரண்டு அடுப்பு, இரண்டு குக்கர், நடுவில் கடல்.

பேசுவதெல்லாம் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

"ஏட்டி, பருப்ப மத்தால கடைஞ்சியா, கரண்டியால கலக்குனியா?"

"கரண்டிதான்."

"அதான் அங்கனயும் இங்கனயுமா நிக்குது. சோம்பேறிச் சிறுக்கி."

என் பேச்சில் எது மாறினாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சாப்பிட்டாயா என்பதை இங்கே பசியாறிட்டியா என்றுதான் கேட்பார்கள். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. முதல்முறை கேட்டபோது அத்தானைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் என்னைக் கேலி செய்ய அவளே அப்படிக் கேட்க ஆரம்பித்தாள். கேலி எப்போது நின்றது என்று தெரியவில்லை. கொஞ்ச நாளில் அக்காவும் நிஜமாகவே பசியாறிட்டியா என்று கேட்கிற ஆளாகிவிட்டாள். கோவில்பட்டியில் காய்கறிக்காரரிடம் அப்படிக் கேட்டு அவர் விழித்தாராம்.

கடைசியில் தாளிப்பு. அதில்தான் எங்களுக்குள் போட்டி. இரண்டு பேரும் தாளிப்புக் கரண்டியில் கடலெண்ணெய் ஊற்றி, சூடேறியதும், "போடு" என்று அவள் சொன்னால் ஒரே நேரத்தில் கடுகு போட வேண்டும். யார் கடுகு முதலில் வெடிக்கிறதோ அவள் ஜெயித்தாள். வருஷக்கணக்காக இந்தப் போட்டி நடந்தும் ஒரு முறைகூடத் தீர்ப்பு ஆனதில்லை. ஃபோனில் சத்தம் கொஞ்சம் தாமதித்து வரும். என் கடுகு வெடித்து இரண்டு மூச்சு கழித்துத்தான் அவளுடையது கேட்கும். நான் ஜெயித்தேன் என்பேன். எனக்கு இங்கே எப்பவோ வெடிச்சாச்சு, உனக்குத்தான் பிந்திக் கேக்குது என்பாள். அவளுக்கு அங்கே என் சத்தம் பிந்திக் கேட்கும். அரைக் கிழவிகள் இரண்டு பேர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதற்காக மல்லுக்கட்டுவதைப் பார்த்து என் மகன் தலையில் அடித்துக்கொள்வான்.

தினேஷுக்கு அக்கா என்பவள் மைலோ டின்மேல் தெரிகிற ஒரு முகம். "ஹாய் பெரிம்மா" என்று கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவான். இந்த ஊர்ப் பிள்ளை. முழு வாக்கியமாகத் தமிழ் பேசினால் நாக்கு வலிக்கும். எதைச் சொன்னாலும் இந்த ஊர் வழக்கப்படி கூடவே ஒரு 'லா' போடுவான். முஸ்லிம் கடைகளில் எலும்பு போட்டு வைக்கிற டால்ச்சாதான் அவன் நாக்குக்குத் தெரிந்த பருப்பு. நான் வைக்கிற சாம்பாரையும் டால்ச்சா என்றுதான் சொல்வான்.

"டேய், இது சாம்பார்டா. கேளு ஒம் பெரியம்மாகிட்ட."

"சேம் திங் லா மா."

அக்காவுக்கு அவன் பேசுவது பாதி புரியாது. புரியாவிட்டாலும், "பிள்ள என்னமா பேசுறான்" என்று பூரித்துப்போவாள்.

3

அக்காவுக்குச் சர்க்கரை ரொம்ப வருஷமாக இருந்தது. பிறகு சிறுநீரகத்தில் கோளாறு என்றார்கள். வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்ய மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். நின்று சமைக்க முடியாமல் அடுப்படியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாம்பாரை விடவில்லை. உப்பும் புளியும் அவளுக்கு ஆகாது. வைத்துத் தருவாள், சாப்பிட மாட்டாள்.

எனக்கு உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. போக முடியவில்லை. பாஸ்போர்ட் கையில் இல்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் நான் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. மனைவி விசாவில் இருக்கிறவள். என் பாஸ்போர்ட் காலாவதி ஆகப்போகிறது என்று புதியதற்குக் கொடுத்திருந்தேன். ஊரில் விலாசம் விசாரிக்க ஒரு காவலர் போயிருக்கிறார். பழைய பாஸ்போர்ட்டில் இருந்தது அப்பா வீட்டு விலாசம். அப்பா போனதும் அந்த வீட்டை விற்றுவிட்டோம். இப்போது குடியிருப்பவர்கள் சாந்தி என்று யாரையும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் உள்ளபடி எழுதிக்கொண்டு போய்விட்டார். யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் அப்படி ஒருத்தி இல்லை என்பது உண்மைதானே.

வேறு விலாசம் கொடுத்தேன். அத்தான் வீட்டு மின்கட்டண ரசீது கேட்டார்கள், கொடுத்தேன். உறவுமுறைக்கு ஆதாரம் கேட்டார்கள். அக்காவுக்கு நான் தங்கை என்பதற்கு ஆதாரம். எங்கள் இரண்டு பேர் மூக்கையும் பார்த்தால் தெரியாதா என்று கேட்க வாய் வரை வந்தது. பாஸ்போர்ட் அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகனைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பாவம், நல்ல பெண். "ப்ராஸஸ் போயிட்டிருக்கு மேடம்" என்று ஒவ்வொரு தடவையும் முகம் வாடச் சொன்னாள். ரொம்ப அவசரம் என்றால் ஒரு தற்காலிகத் தாள் தரலாமாம். அதை வைத்து ஊருக்குப் போகலாம். திரும்பி வர விசாவைப் புதிதாகத் தொடங்க வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றாள்.

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? பிள்ளைக்குப் பரீட்ச வருது. நீ இங்க வந்து மாட்டிக்கிட்டா அவனுக்கு யாரு பொங்கிப் போடுவா? பாஸ்போர்ட்டு வரட்டும், மொறையா வா. நான் எங்க போயிரப் போறேன்."

நான் கேட்டுக்கொண்டேன். அக்கா சொல்லி எதையும் தட்டிப் பழக்கமில்லை.

அடுத்த ஞாயிறு அவள் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்லச் செல்விதான் கைவேலை எல்லாம் செய்தாள். தாளிப்புக் கரண்டியை மட்டும் அக்கா விடவில்லை. "போடு" என்றாள். போட்டோம். என்னுடையது வெடித்தது. பிறகு அவளுடையது. அன்றைக்கு நான் ஜெயித்தேன் என்று சொல்லவில்லை. "நீதான்க்கா" என்றேன். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னட்டி விட்டுக்குடுக்கிற, நான் என்ன செத்தா போயிட்டேன் என்று திட்டினாள்.

அந்த வாரம் நடுவில் திரும்பவும் மதுரையில் சேர்த்தார்கள். படுக்கையிலிருந்து ஒரு நிமிஷம் பேசினாள். குரலே இல்லை. "பசியாறிட்டியாட்டி?" என்று மட்டும் கேட்டாள். ஆறிட்டேன்க்கா என்றேன். செல்வி ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

4

வெள்ளிக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். ஜெலுத்தோங்கிலேயே மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். கையில் கிரீஸோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டு,

"இன்னிக்கு என்ன லா சமையல்?" என்றார்.

"அவரைக்காய் சாம்பார். தாளிச்சாப் போதும்."

"தாளிக்காத."

"ஏன்?"

"கேஸ்ட்ரிக் வருது. டாக்டர் எண்ணெய் வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஒரு ரெண்டு வாரத்துக்குத் தாளிக்காத லா. சாம்பாரு, ரசம், எதுக்கும் வேண்டாம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. காலையில் கடையில் நெய் வழிய ரொட்டி சானாய் தின்றுவிட்டு வருகிற மனுஷருக்கு என் வீட்டு ஒரு கரண்டி எண்ணெயில் கேஸ்ட்ரிக் வந்துவிட்டதாம். எந்த டாக்டர், எப்போது போனீர்கள் என்று கேட்டேன். கை கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார்.

ஆனாலும் தாளிக்கவில்லை. எண்ணெயை எடுத்த இடத்தில் வைத்தேன். தாளிப்புக் கரண்டியை ஆணியில் மாட்டினேன். மஞ்சளாக, மொட்டையாக இருந்தது சாம்பார். அவர் அதையே ஊற்றிச் சாப்பிட்டார். தினேஷ் எப்போதும்போல ஃபோனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் ஏதோ நகைச்சுவை ஓடியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரு காலை வணக்கம்கூட வரவில்லை. என்னை விட்டுவிட்டு வேறு குழு தொடங்கியிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஃபோன் போட்டேன். சாம்பார் என் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. செல்வி எடுத்தாள்.

"அம்மா தூங்குது சித்தி. மாத்திர போட்டிருக்கு. நேத்துதான் ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாந்தோம்."

"சரி, எழுப்பாத. எப்படி இருக்கா?"

"பரவால்ல சித்தி. நல்லா இருக்கு."

குரல் அடைத்திருந்தது. ராத்திரி எல்லாம் கண் விழித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, "அப்பா சாப்பிடுறாங்க, பாருங்க" என்று ஃபோனைத் திருப்பிப் புளி ஜாடிமேல் சாய்த்து வைத்தாள்.

அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டிருந்தார். வீட்டில் அவர் சட்டை போட்டு நான் பார்த்ததே கிடையாது. பின்னால் சுவரில் காலண்டர் மட்டும் தொங்கியது. என்னம்மா சாந்தி, சாப்டாச்சா என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக் கேட்டார். செல்வி குனிந்து சோற்றில் சாம்பார் ஊற்றினாள்.

எல்லாம் பிறகுதான் தெரிந்தது. அக்கா படத்தை மறைத்தார்கள், அதன் முன்னால் எரிந்த விளக்கை மறைத்தார்கள், வந்து உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களை எல்லாம் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். எனக்காக ஒரு வீட்டையே மாற்றி வைத்திருந்தார்கள். சாம்பாரை மட்டும் மறந்துவிட்டார்கள்.

கரண்டியிலிருந்து விழுந்தது வெறும் மஞ்சள். ஒரு கடுகு இல்லை. ஒரு கறிவேப்பிலை இல்லை. கிள்ளிப் போட்ட வற்றல் இல்லை.

எங்கள் பக்கத்தில் துஷ்டி வீட்டில், சாவு விழுந்த வீட்டில், பதினாறு கழியும் வரை தாளிக்க மாட்டார்கள். கடுகு வெடிக்கிற சத்தமும் வாசமும் நல்லது நடக்கிற வீட்டுக்கு உரியவை. குழம்பு வைப்பார்கள், வயிறு கேட்குமே. மேலே தாளிப்பு இருக்காது. உங்களில் பலருக்கு இது தெரியும். தெரிந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

"செல்வி, சாம்பாருக்குத் தாளிக்கலையா?" என்றேன்.

அத்தானின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. செல்வி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். யாரும் ஃபோனைப் பார்க்கவில்லை.

"அவசரத்துல மறந்துட்டேன் சித்தி" என்றாள்.

அத்தான் எழுந்து போய்விட்டார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அந்தப் பிள்ளை தாயைப் பறிகொடுத்துவிட்டு, என்னை அழவிடக் கூடாது என்று இந்த வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் அழுதால் அவளும் உடைந்துவிடுவாள்.

"சரிம்மா. அம்மாவ எழுப்பாத. தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.

6

திரும்பிப் பார்த்தால் என் அடுப்பிலும் அதே சாம்பார். அதே மொட்டை மஞ்சள். தாளிப்புக் கரண்டி வெள்ளிக்கிழமை மாட்டிய ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்றார். நான் பேசியதை எல்லாம் கூடத்திலிருந்து கேட்டிருக்கிறார்.

"தாளிக்க வேண்டாம்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

"டாக்டரு..."

"யாரு சொன்னான்னு கேட்டேன்."

அவருக்குப் பொய் சொல்ல வராது. இரண்டு நாள் சமாளித்ததே பெரிய விஷயம்.

"வெள்ளிக்கிழம காலையில செல்வி ஃபோன் அடிச்சா. விடியக்காலையிலயே போயிட்டாங்களாம். சித்திகிட்ட சொல்லாதீங்க, பாஸ்போர்ட் இல்லாம கெடந்து துடிக்கும், பதினாறு முடியட்டும், மெல்ல சொல்லலாம்னு அழுவுறா. நான் என்ன லா செய்யட்டும். கடைசில அத்தான் வாங்கிப் பேசுனாரு. கூடப்பொறந்தவ வீட்டுல கடுகு வெடிக்க வேண்டாம் தம்பி, அத மட்டும் பாத்துக்குங்கன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. என் அக்காவுக்காக நான் அழ வேண்டிய இரண்டு நாளை இவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள் என்ற கோபம். அவள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவரைப் பார்த்துக் கண்டபடி கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கோபம் அடங்கினபிறகு ஒன்று புரிந்தது. அவர்களால் எனக்குச் சேதி சொல்ல முடியவில்லை. ஆனால் என் துக்கத்தை எனக்குக் கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. அதனால்தான் இப்படி ஒரு வழி கண்டுபிடித்து, எனக்கே தெரியாமல் என்னைத் துக்கம் காக்க வைத்திருக்கிறார்கள். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். இவர் சமையலறைத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

சத்தம் கேட்டு தினேஷ் அறையிலிருந்து வந்தான்.

"யாருக்கு என்ன, மா?"

"பெரியம்மா போயிட்டாங்கப்பா" என்றார் அவர்.

"எந்த பெரிம்மா?"

நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கு இருப்பதே ஒரு பெரியம்மாதான்.

"ஃபோன்ல வருவாங்களே, அவங்களா?"

அவன்மேல் தப்பில்லை. நாலு வயதில் ஒரு தடவை ஊருக்குக் கூட்டிப்போனது. அவள் அவனை இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கிக்கொண்டு திரிந்தது அவனுக்கு எப்படி நினைவிருக்கும். "சாரி மா" என்று என் முதுகில் கை வைத்தான். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே போய் டிஷ்யூ பெட்டியை எடுத்துவந்து என் மடியில் வைத்தான். நல்ல பிள்ளைதான். அவனுக்கு அழ எதுவும் இல்லை, அவ்வளவுதான். அதுவும் எனக்கு ஒரு சாவு மாதிரிதான் இருந்தது.

7

பதினாறு கழிந்து சில வாரம் ஆனபிறகு பாஸ்போர்ட் தயார் என்று குறுஞ்செய்தி வந்தது. கவுண்டரில் இருந்த அந்தப் பெண் என்னைவிடச் சந்தோஷப்பட்டாள். "இப்ப போய் அக்காவப் பாருங்க மேடம்" என்றாள். சரிம்மா என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

போனேன். அக்கா வீட்டில் எல்லாம் இருந்தது. அடுப்படியில் முக்காலி இருந்தது, புளி ஜாடி இருந்தது. அத்தான் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கடைசியில் அவள் ஏதாவது சொன்னாளா என்று செல்வியிடம் கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் சொல்லல சித்தி. நெனப்புத் தப்பிருச்சு. எடையில எடையில கண்ண முழிச்சு, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையான்னு கேட்டுச்சு. இல்லம்மான்னு சொன்னேன். சரின்னு கண்ண மூடிக்கிருச்சு. திரும்பவும் கேக்கும்."

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா, என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவளுக்கு எனக்குச் சொல்லத்தான் பொய் வந்தது, அம்மாவுக்குச் சொல்ல வரவில்லை.

திரும்பி வந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பருப்பை வேகவைத்தேன். காயைப் போட்டேன். தாளிப்புக் கரண்டியை ஆணியிலிருந்து எடுத்தேன், அடுப்பில் வைக்க முடியவில்லை. தாளிக்காமல் வைத்தால் அது துஷ்டி வீட்டுச் சாம்பார். தாளித்தால் அது ஞாயிற்றுக்கிழமைச் சாம்பார். இரண்டில் எதற்கும் எனக்குத் தெம்பில்லை. கொதித்ததை இறக்கி மூடி வைத்தேன். அன்றோடு சாம்பாரை விட்டேன்.

8

இன்று திதி. விடிந்ததும் தலை முழுகினேன். அக்கா படத்தைக் கூடத்தில் வைத்து விளக்கேற்றினேன். செல்விக்கு அங்கே ஐயர் வந்திருப்பார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஃபோனை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் பட்டறையைப் பூட்டிவிட்டார். கெலுகோரில் கல்லூரிக்குப் போகிற மகனையும் இன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்.

பருப்பை மத்தால் கடைந்தேன். சோம்பேறிச் சிறுக்கி என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. வெங்காயம் வதக்கி, முருங்கை, கத்தரி, பூசணி எல்லாம் போட்டு, புளி கரைத்து ஊற்றி, போன தடவை ஊரிலிருந்து கொண்டுவந்த பொடியைப் போட்டேன். அக்கா அரைத்து வைத்த பொடியின் மிச்சம் அது. டப்பாவின் அடியைத் தட்டித் தட்டி எடுத்தேன்.

கரண்டியை அடுப்பில் வைத்தேன். கடலெண்ணெய் ஊற்றினேன். சூடேறியது. "போடு" என்று யாரும் சொல்லவில்லை. நானே போட்டேன்.

கடுகு வெடித்தது. உடனே வற்றலையும் கறிவேப்பிலையையும் போட்டிருக்க வேண்டும். பாசாரில் அந்த அம்மா கொடுத்த கொத்து உருவித் தயாராக இருந்தது. என் கை போகவில்லை. மைலோ டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்மேல் ஃபோன் இல்லை. இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு மூச்சு கழித்து அங்கிருந்து வர வேண்டிய சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"மா, ஹாங்குஸ் லா" என்று கூடத்திலிருந்து தினேஷ் சத்தம் போட்டான். "ஏதோ கருகுது."

கரண்டியில் புகை. கடுகு கரியாகியிருந்தது. கொட்டிவிட்டு வேறு தாளித்திருக்கலாம். அக்காவாக இருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாள். இன்னொரு தடவை கடுகு போட்டு, இன்னொரு தடவை காத்திருக்க என்னால் ஆகாது. அதையே சாம்பாரில் கொட்டினேன்.

படையலை அவள் முன்னால் வைத்தேன். மன்னிச்சுக்கக்கா, கருக விட்டுட்டேன் என்று சொன்னேன். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்தோம். வாயில் வைத்ததும் கசந்தது. வீட்டுக்காரர் முகம் மாறாமல் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தினேஷ் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டான். ஒரு வாய், இரண்டு வாய் உண்டான். படத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, டால்ச்சா என்று சொல்லாமல், தமிழிலேயே கேட்டான்.

"மா, பெரிம்மா சாம்பார் இப்படித்தான் இருக்குமா?"

"இல்லப்பா" என்றேன். எப்படி இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல வரவில்லை. அவன் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு குனிந்து, கருகின கடுகை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட ஆரம்பித்தான்.